துரியோதனன் காலடியில் எட்டு மீட்டர்

எங்கள் ஊர்ப் பெண் பிள்ளைகளின் கபடி அணி ஒரு நெற்களத்தில் ஆடிக்கொண்டிருந்தது. களம் ஊர்க்காரர் ஒருவருக்குச் சொந்தம். அறுப்பு இயந்திரம் வந்த பிறகு அங்கே யாரும் கதிர் அடிப்பதில்லை என்பதால் ஆட விட்டிருந்தார். ஒரு தை மாதம் அவர் அதை மனை போட்டார். பொங்கல் கழிந்து பிள்ளைகள் போய்ப் பார்த்தபோது களம் முழுக்க மஞ்சள் பூசிய கல் நட்டிருந்தது. நடுக்கோட்டின் மேலேயே ஒரு கல்.

ஆண்கள் அணிக்கு அந்தக் கவலை இல்லை. தண்ணீர் வற்றிய மாதங்களில் ஏரிக்குள் ஆடுவார்கள். ஏரியில் தண்ணீர் நின்றால் பைக்கில் ஏறி வடக்கனந்தல் பக்கம் போய்விடுவார்கள். பெண் பிள்ளைகள் அப்படிப் போக முடியாது. ஏரி ஊரிலிருந்து தள்ளி இருக்கிறது. சாயங்காலமானால் கரையில் பாட்டிலோடு உட்காருகிறவர்களும் உண்டு. ஊர்த் தெருவானாலும் காலனியானாலும் பெற்றோர் சொன்னது ஒன்றுதான்: ஊருக்குள், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஆடினால் ஆடட்டும், இல்லாவிட்டால் போதும். என் மனைவியும் அதையே சொன்னாள். என் சின்ன மகள் அந்த அணியில் பாடிப் போகிறவள், அதாவது மூச்சு விடாமல் கபடி சொல்லிக்கொண்டு எதிரணிக்குள் நுழைந்து தொட்டுத் திரும்புகிறவள். அப்போது பதினொன்றாம் வகுப்பு.

நான் கபடி ஆடியதில்லை. பால் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவன். அன்றன்றைக்கு நடந்ததை அன்றன்றைக்கே எழுதி வைக்கிற பழக்கம் உள்ளவன் என்பதால், சுற்றுவட்டார ஊர்களின் கபடி அணிகள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு ஆரம்பித்தபோது என்னைச் செயலாளராகப் போட்டுவிட்டார்கள். மலையிலிருந்து இரண்டு அணிகள், எங்கள் பக்கம் தரையிலிருந்து மற்றவை. ஒவ்வொரு அணிக்கும் சொந்த ஊரில் ஒரு ஆடுகளம் இருக்க வேண்டும், பாதி ஆட்டங்கள் அங்கே நடக்க வேண்டும் என்பது விதி. களம் காட்டாத அணி அந்த வருடம் ஆட முடியாது. ஆடியில் ஆட்டங்கள் தொடங்கும். எங்கள் பெண்கள் அணிக்குக் காட்ட ஒன்றும் இல்லை.

பால் சங்கத்துத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பேரூராட்சிக்கு மனு எழுதினோம். ஆண்கள் அணித் தலைவன் என் அண்ணன் மகன். இதுதான் சமயம் என்று அவனுக்கும் ஒரு கணக்கு இருந்தது. ஏரிக்குள் வெடித்த மண்ணில் விழுந்து முட்டி பெயர்கிறது. ஊருக்குள் மட்டம் செய்த களம் கிடைத்தால் பெரிய போட்டியையே நடத்தலாம் என்றான். அதனால் மனுவை அவர்கள் பெயரில்தான் எழுதத் தொடங்கினேன். எங்கள் வார்டு கவுன்சிலரம்மா பால் ஊற்ற வந்தவர், தூக்குவாளியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"இன்னாங்கணா எழுதிக்கினு கீறீங்க?"

படித்துக் காட்டினேன்.

"இப்படி எழுதுனா ஆவாது. பசங்க வெளாடணும்னா ஏரி இருக்குதே, அங்க போவச் சொல்லுன்னுடுவாரு ஈ.ஓ. பொம்பளப் புள்ளைங்களுக்கு இடமில்லன்னு மொத வரில போடுங்க. தட்ட முடியாது."

"போடு சித்தப்பா" என்றான் அண்ணன் மகன். "எழுதறதுக்கு இன்னா. எடம் வந்தா எல்லாருந்தான ஆடப்போறோம்."

மகளிர் கபடி அணி பயிற்சி செய்ய இடமின்றி இருப்பதால் என்று முதல் வரியை மாற்றினேன். அது பொய் இல்லை. அன்று இரவுச் சாப்பாட்டின்போது மகள் கேட்டாள்.

"எங்க பேரப் போட்டு அண்ணனுங்க ஆடப்போறாங்களாப்பா?"

"காலையில நீங்க, சாயங்காலம் அவங்கன்னு பேச்சு."

"காலைல டியூசன் இருக்குது. அண்ணனுக்கும் தெரியும்."

மனுவைக் கொடுத்த மறு வாரமே ஈ.ஓ., அதாவது பேரூராட்சிச் செயல் அலுவலர், நேரில் வந்தார். கவுன்சிலர் சொன்ன முதல் வரி வேலை செய்திருந்தது. அவர் தெற்கே ஏதோ மாவட்டத்துக்காரர். எங்கள் பேரூராட்சிக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான். கூட ஒரு சர்வேயர். ஊருக்குள் புறம்போக்கு என்று மிச்சமிருந்தது ஒரே இடம், திரௌபதி அம்மன் கோயிலுக்கு முன்னால் இருக்கிற பாரதத் திடல். சர்வேயர் அளந்தார். ஆண்கள் களம்கூட நடுவில் தாராளமாக வரும், ஜேசிபியை விட்டு மட்டம் செய்து செம்மண் கொட்டிக் கொடுக்கலாம், மார்ச்சுக்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்றார் செயல் அலுவலர். அப்புறம் திடலின் நடுவில் இருந்த மேட்டைப் பார்த்தார்.

"இது என்ன மேடு? குப்பை கொட்டுனதா?"

கவுன்சிலர்தான் சொன்னார்.

"துரியோதனன் சார்."

"யாரு?"

"துரியோதனன் சார். படுத்துக்கினு கீறாரு."

செயல் அலுவலர் சர்வேயரைப் பார்த்தார். சர்வேயர் இந்தப் பக்கத்துக்காரர். டேப்பைச் சுற்றுவதில் கவனமாக இருந்தார்.

"எத்தனை வருஷமா இருக்காரு?"

"போன பாரதத்துலேர்ந்து சார்."

எங்கள் பக்கத்தில் இது தெரியாதவர்கள் இல்லை. விளைச்சல் நன்றாக இருக்கிற வருடங்களில் பாரதம் நடத்துவோம். பல நாள் கூத்து நடந்து கடைசி நாள் படுகளம். அன்றைக்குத் துரியோதனனை மண்ணால், ஆளைப் போலப் பல மடங்கு நீளத்தில், மல்லாந்து படுத்த நிலையில் திடலில் செய்வார்கள். பீமன் வேடம் கட்டியவர் அவன் தொடையில் அடிப்பார். சாயங்காலம் தீமிதி. அத்தோடு திருவிழா முடிந்தது. ஆனால் துரியோதனன் அங்கேயே கிடப்பான். அவனை யாரும் கலைக்க மாட்டார்கள். மழையில் கரைந்து, வெயிலில் வெடித்து, முகம் போய், விரல் போய், கடைசியில் புல் முளைத்த ஒரு நீளமான மேடாக நிற்பான். அடுத்த பாரதத்தில் அந்த மேட்டின் மீதே புது மண் போட்டு மறுபடி செய்வார்கள். நடுவில் உள்ள வருடங்களில் ஆடு மேய்க்கிறவர்கள் அவன் வயிற்றில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார்கள். அதில் ஒன்றும் தப்பில்லை.

கோயில் தரப்பிலிருந்து ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கித் தாருங்கள் என்று சொல்லிவிட்டுச் செயல் அலுவலர் ஜீப்பில் ஏறினார்.

கோயில் தர்மகர்த்தா என் மனைவியின் பெரியப்பா. நான் மாமா என்று கூப்பிடுகிறவர். கரும்பு வயலில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். வரப்பில் ஏறிக் காலைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"வெளாட்டும். யாரு வாணாம்னா. மேட்ட இன்னா பண்ணப்போறீங்க?"

"ஜேசிபி வெச்சு மட்டம் பண்ணணுங்க மாமா."

"அது ஆவாது. அவன் மேல இரும்பு படக்கூடாது. மழைதான் கரைக்கணும்."

"எல்லாம் கரைஞ்சு வெறும் மேடாத்தானுங்களே இருக்குது."

"பாதி கரைஞ்சிருக்கான். மீதிய மழை பாத்துக்கும்."

எனக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. எங்கள் பெண்கள் அணியில் பாதிப் பேர் காலனிப் பிள்ளைகள். கோயில் கமிட்டியில் சிலர் மேட்டைச் சாக்காக வைத்து வேறு எதையோ தடுக்கப் பார்க்கிறார்கள் என்று ஊரில் பேச்சு. சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன். மாமா முகம் மாறவில்லை.

"அப்படி நெனைக்கிறவன் கமிட்டில ரெண்டு பேர் இருக்கான். அவனுங்களுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். காலைல ஆடு நடக்குற எடத்துல சாயங்காலம் புள்ளைங்க நடந்தா இன்னா. அது வேற, இது வேற. மேடு என் பொறுப்பு. எங்கப்பா காலத்துல ஒருத்தன் கடப்பாரையால நெஞ்சுல குத்தி மண் எடுத்தான்னு அந்த வருசம் பாரதமே நடத்தல."

மாசி மாதம். வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. மேற்கே கல்வராயன் மலை தகரம் போலத் தெளிவாகத் தெரிந்தது. அப்படித் தெரிந்தால் மழை கிட்டத்தில் இல்லை என்று அர்த்தம்.

இந்தச் செய்தியை ஆண்கள் அணி வேறு விதமாக எடுத்துக்கொண்டது. மழைதான் கரைக்க வேண்டும் என்றால் மழையைக் கொண்டுவந்துவிடலாம் என்று அண்ணன் மகன் கணக்குப் போட்டான். ஒரு ஞாயிறு காலை தண்ணீர் டேங்கரை டிராக்டரில் கட்டி ஓட்டிக்கொண்டு திடலுக்குப் போனார்கள். தென்னைக்கு மருந்து அடிக்கிற மோட்டாரும் நீள ஓஸும் இருந்தன. ஓஸை ஒருவன் உயரத் தூக்கிப் பிடித்தால் தண்ணீர் மேலிருந்து விழும். மேலிருந்து விழுந்தால் மழைதானே என்பது அவர்கள் வாதம்.

நான் போய்ச் சேர்ந்தபோது மாமா அவர்களுக்கு முன்பே வந்திருந்தார். யாரோ சொல்லியிருக்க வேண்டும். துரியோதனனின் நெஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் துண்டை விரித்து உட்கார்ந்து, குடையைப் பிரித்துப் பிடித்திருந்தார்.

"அடிங்கடா. மழை பேயுதுன்னுதான் குடை எடுத்தாந்தேன்."

"தாத்தா, எறங்கு. சளி புடிச்சுக்கும்."

"உங்க போர்ல எத்தினி அடில தண்ணி?"

"அறுநூறு அடி."

"கீழ்லேர்ந்து வர்றதுக்குப் பேரு மழையாடா?"

"அதுவும் மழைத் தண்ணிதான தாத்தா. பூமில எறங்குனது."

"அப்ப மழை எறங்குன மாதிரி அதுவா வரட்டும். மோட்டார நிறுத்து."

கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். டிராக்டர் ஓட்டி வந்தவனும் சிரித்துவிட்டான். அதற்குப் பிறகு கிழவரின் மேல் தண்ணீர் அடிக்க யாருக்கும் மனம் வரவில்லை. டேங்கர் தண்ணீரைக் கோயில் வேப்பமரத்துக்கு விட்டுவிட்டுப் போனார்கள்.

பங்குனி பிறந்துவிட்டது. பேரூராட்சி அலுவலகத்திலிருந்து கவுன்சிலரிடம் இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் வரவில்லை என்றால் ஜேசிபி வேறு வார்டில் வாய்க்கால் தூர்வாரப் போய்விடும். பெண் பிள்ளைகள் ஆடி இரண்டு மாதமாகியிருந்தது. ஒருத்திக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்று மகள் சொன்னாள். ஆட்டம் இருந்தால், போட்டி முடியட்டும் என்று சொல்லித் தள்ளிப் போடலாம். ஆட்டமே இல்லாதபோது என்ன சொல்வது என்று அந்தப் பெண் கேட்டாளாம். மகள் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அன்றைக்குச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

மறுநாள் சங்கத்திலிருந்து வந்ததும் என் டேப்பை எடுத்துக்கொண்டு அவளையும் கூட்டிக்கொண்டு திடலுக்குப் போனேன். மேடு அப்படியே இருந்தால் மீதி எவ்வளவு என்று யாரும் அளக்கவில்லை என்பது எனக்குத் தோன்றியிருந்தது. சர்வேயர் திடலை முழுதாக அளந்தார்; அண்ணன் மகன் மேடு இல்லாத திடலை மனதில் வைத்தே பேசினான்.

துரியோதனனின் தலைமாட்டில் கோயில். அவனுக்கு இடப்பக்கம் தீமிதிக் குழி வெட்டுகிற இடம். அதைத் தொட முடியாது. வலப்பக்கம் நாலு கஜம் விட்டுச் சாலை. மிச்சம் இருந்தது காலடிதான். அவன் பாதத்திலிருந்து வாய்க்கால் கரை வரை அளந்தோம். டேப்பின் நுனியைப் பாதத்தில் வைத்து மகள் குந்தி உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு மீட்டரும் கொஞ்சமும் வந்தது.

"ஆண்கள் களம் அகலம் பத்து" என்றேன். "ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு விடணும். இல்லன்னா புடிச்சுத் தள்ளுறவன் வாய்க்கால்ல விழுவான். பத்தாது."

மகள் டேப்பை விடவில்லை.

"எங்களுக்கு எட்டு மீட்டர்தாம்ப்பா."

எனக்குத் தெரியாதது அல்ல. விதிகளை நானே நகல் எடுத்து ஒவ்வொரு அணிக்கும் கொடுத்திருக்கிறேன்: ஆண்களுக்குப் பதிமூன்றுக்குப் பத்து, பெண்களுக்குப் பன்னிரண்டுக்கு எட்டு. எட்டும் நாலும் பன்னிரண்டு. நீளவாக்கில் வாய்க்கால் ஓரமாக வேண்டிய இடம் இருந்தது. இன்னொரு முறை அளந்தேன். அதே அளவுதான்.

மாமாவிடம் போய்ச் சொன்னேன். மேட்டைத் தொடவில்லை, பாதத்துக்கு அப்பால் மட்டும் மட்டம் செய்கிறோம். அவர் தானே வந்து பாதத்தின் எல்லையில் வரிசையாக வேப்பங்குச்சி நட்டார். ஜேசிபி அதைத் தாண்டக்கூடாது. கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். கமிட்டியில் அந்த இரண்டு பேரும் போடவில்லை, மற்றவர்கள் போட்டார்கள். அது போதுமானதாக இருந்தது.

ஆண்கள் அணிக்கு இது தெரிந்ததும் அண்ணன் மகன் நேரே பால் சங்கத்துக்கு வந்தான். பால் ஊற்ற வந்தவர்கள் எல்லாரும் இருந்தார்கள்.

"இன்னா சித்தப்பா இது. நாங்க அலைஞ்சு எடம் வாங்குறோம், நீ உன் பொண்ணுக்குக் களம் போடுறியா?"

"பத்து மீட்டர் வரல. வந்து அள."

"பக்கத்துக்கு ஒரு மீட்டர் கம்மியா விட்டா இன்னா. வாய்க்கால்ல விழுந்தா விழறோம். நீச்சல் தெரியும்."

"கூட்டமைப்பு ஒத்துக்காது."

"கூட்டமைப்புன்னா யாரு, நீதான?"

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. அதனால்தான் நான் முடிவு சொல்லாமல் விஷயத்தைச் செயல் அலுவலரிடம் கொண்டுபோனேன். அவனும் கூட வந்தான். கவுன்சிலரும் வந்தார். செயல் அலுவலர் இரு தரப்பையும் கேட்டுவிட்டு எங்கள் மனுவை எடுத்து முதல் வரியைப் படித்தார்.

"மகளிர் அணிக்கு இடம் இல்லைன்னுதானே எழுதியிருக்கீங்க. மகளிர் களம் வருது. அப்புறம் என்ன தகராறு?"

அண்ணன் மகன் கவுன்சிலரைப் பார்த்தான். அவர் சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"மொத வரி அப்படித்தான் சார் எழுதச் சொன்னேன்" என்றார். "நல்லாத்தான வந்துக்குது."

வெளியே வந்து பைக்கை உதைக்கும்போது அண்ணன் மகன் என்னிடம், "உன் கையெழுத்து ஒயுங்கா இருக்குதுன்னு செயலாளரா போட்டதுதான் தப்பு" என்றான். அப்புறம் அவனே சிரித்தான். முழுச் சிரிப்பு இல்லை. என்னை ஏற்றிக்கொண்டுதான் ஊருக்கு வந்தான்.

பங்குனி முடிவதற்குள் களம் தயாரானது. ஜேசிபி ஓட்டியவர் வேப்பங்குச்சிகளுக்கு ஒரு முழம் இந்தப் பக்கமே நிறுத்திக்கொண்டார். அந்த ஒரு முழத்தை ஆண்கள் அணிதான் மண்வெட்டியால் மட்டம் செய்து கொடுத்தது. மனசாரச் செய்தார்களா, கேலிக்குச் செய்தார்களா என்று தெரியவில்லை. மாமா பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு வெட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆடியில் முதல் ஆட்டத்துக்கு வெள்ளிமலைப் பக்கத்துப் பெண்கள் அணி காலைப் பஸ்ஸில் இறங்கி வந்தது. எங்கள் பிள்ளைகள் தோற்றார்கள். மலைப் பெண்களைப் பிடித்து நிறுத்துவது கடினம். நடுவில் இரண்டு மாதம் ஆட்டம் விட்டுப்போனவர்களுக்கு இன்னும் கடினம். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிற அந்தப் பெண் கடைசி வரை ஆடினாள். அவள் அம்மா ஓரமாக நின்று பார்த்தார். ஆண்கள் அணி முழுவதும் துரியோதனன் மேல் வரிசையாக உட்கார்ந்து பார்த்தது. ஆட்டம் பார்க்க அதைவிட நல்ல இடம் அந்தத் திடலில் இல்லை என்று அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரிந்தது.

அதன் பிறகு ஒரு புது வழக்கம் வந்தது. மலை மேல் மேகம் இறங்கி ஒரு நல்ல மழை பெய்தால், மறுநாள் காலை அண்ணன் மகன் என் வீட்டுக்கு வந்து டேப்பைக் கேட்பான். திடலுக்குப் போய்ப் பாதத்திலிருந்து வாய்க்கால் கரை வரை அளப்பான். மேடு கரைந்து பின்வாங்கினால் ஒரு நாள் பதினாலு மீட்டர் வரும் என்பது அவன் எண்ணம். இரண்டு மழைக்காலம் போயிற்று. பாதம் ஒரு சாண் அளவு உள்ளே போயிருந்தது.

"மெதுவா கரையறான்" என்பான், டேப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது. "கரைவான்."

போன வருடம் கரும்பும் நெல்லும் நன்றாக வந்தன. கிணறுகளில் தண்ணீர் நின்றது. சித்திரையில் பாரதம் நடத்துவது என்று கோயிலில் கூட்டம் போட்டார்கள். எனக்கு முதலில் தோன்றியது களம்தான். புதுத் துரியோதனனைச் செய்யும்போது மண் போடப் போட உருவம் நீளும். ஒரு மீட்டர் கூடினாலும் பெண்கள் களம் போய்விடும். ஆண்கள் அணியோ இன்னொரு யோசனையோடு வந்திருந்தது: உருவத்தையே தள்ளி, தீமிதிக் குழிக்குப் பின்னால் செய்துவிட்டால் திடல் முழுதும் காலி, எல்லாரும் ஆடலாம். அண்ணன் மகன் அதை நன்றாகவே எடுத்துச் சொன்னான். கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள்.

என் மகள் அப்போது கள்ளக்குறிச்சியில் கல்லூரிக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். அணியில் இன்னும் ஆடுகிறாள். மற்றப் பெண்களோடு கூட்டத்தின் ஓரத்தில் நின்றவள், தர்மகர்த்தாவைப் பார்த்துக் கேட்டாள்.

"தாத்தா, கால் எங்க வரும்?"

மாமாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது. கேட்டதும், இதெல்லாம் ஒரு கேள்வியா என்பது போலப் பார்த்தார்.

"கால் எங்க இருந்துச்சோ அங்கதான் வரும். ஒரு வெரல் தள்ளி வெச்சாலும் அது அவன் இல்ல."

மண்ணில் உருவம் செய்கிற ஆளும் அதையே சொன்னார்: பழைய பாதத்தின் மேலேயே புதுப் பாதம், அதற்கு முன்னால் ஒரு கை மண்கூட விழாது. அண்ணன் மகன் தலையைச் சொறிந்துகொண்டான். மழை தின்ற அந்த ஒரு சாணும் மறுபடி நிரம்பிவிடும். அவன் அளந்த அளவுகள் எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பாரதம் நடந்தது. துரியோதனன் புது மண்ணில், புது மீசையோடு படுத்தான். படுகளம் முடிந்த மறுநாள் நான் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். பன்னிரண்டு மீட்டரும் கொஞ்சமும். அன்று சாயங்காலமே பெண் பிள்ளைகள் சுண்ணாம்பு கொண்டுவந்து கோடு போட்டார்கள்.